செம்பருத்திச் சாமி

1981 அக்டோபர் 12, திங்கள்

மழை மதியம் இரண்டு மணிக்கே பிடித்துக்கொண்டது. துணி எதுவும் காயவில்லை. பயலின் துணிகளைச் சமையலறைக் கொடியில் போட்டேன். வீடு முழுக்க ஈர வாடை. மீனு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள், பையை வாசலிலேயே போட்டாள், "அம்மா, குட்டனைப் பாத்துட்டு வரேன்" என்றாள், அவ்வளவுதான். கொல்லை வழியாகப் பக்கத்து வீட்டுக்கு ஓடிவிட்டாள். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஆறரைக்கு வந்தாள். சாதம் வேண்டாமாம். அங்கே கமலாக்ஷி கப்பைக்கிழங்கு வேகவைத்துக் கொடுத்தாளாம்.

நான் பிசைந்து ஊட்டினால் ஒரு மணி நேரம் கன்னத்தில் அடக்கிவைத்துக்கொள்கிற ஐந்து வயதுப் பெண், அங்கே போனால் தட்டை வழித்துத் தின்கிறாள்.

குட்டன் என்பது பச்சோந்தி. இவர் கொண்டுவந்ததுதான். பஜார் ரோட்டில் இவர் கணக்கெழுதும் கிடங்குக்கு உடுமலையிலிருந்து மல்லி மூட்டை ஏற்றி வந்த லாரியில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. மூட்டை இறக்கும் செல்லதுரை அதைக் கூடையில் போட்டு, "சாமி, பாப்பாவுக்குக் காட்டுங்க" என்று கொடுத்தானாம். மீனு குதித்தாள். நான்தான் கூடாது என்றேன். பயலுக்கு எட்டு மாதம், தவழ்கிறான், கையில் அகப்பட்டதெல்லாம் வாய்க்குப் போகிறது. பச்சோந்திக்கு விஷம் கிடையாது என்று எனக்குத் தெரியாதா? விலங்கியல் பி.எஸ்ஸி., முதல் வகுப்பு. ஆனாலும் "விஷம், வேண்டாம்" என்றுதான் வாயில் வந்தது.

"அப்போ இங்கே தாங்க மாமி, செம்பருத்தியிலெ விட்டுக்கலாம்" என்று கிணற்றடியிலிருந்து கையை நீட்டினாள் கமலாக்ஷி. கொல்லையும் கிணறும் இரண்டு வீட்டுக்கும் பொது. செம்பருத்தி மட்டும் அவள் வீட்டுப் படியோரம் இருக்கிறது.

மலையாளத்துக்காரி, என்னைவிட ஆறு வயது மூத்தவள். என்னை மாமி என்கிறாள். பத்து நாளாகிறது, நானே என் பெண்ணை எடுத்து அவள் கையில் கொடுத்து.

அக்டோபர் 16, வெள்ளி

தினமும் நாலு மணிக்குக் காட்சி. கமலாக்ஷி ஒரு வெட்டுக்கிளியை இரண்டு விரலில் பிடித்து நீட்டுவாள். குட்டன் ஒரு கண்ணை அவள் பக்கம் திருப்புவான், இன்னொரு கண் எங்கோ பார்க்கும். மெல்ல ஒரு காலை எடுத்து வைப்பான், தயங்குவான், ஆடுவான். சட்டென்று நாக்கு! அவன் உடம்பைவிட நீளம். மீனு கைதட்டுவாள். தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் வேறு. ஜன்னல் வழியாக எனக்கு எல்லாம் தெரிகிறது.

அவளுக்கு நேரம் இருக்கிறது. புருஷன் ஷார்ஜாவில். ஒற்றை ஆளுக்கு ஒரு பிடி அரிசி, ஒரு மீன் துண்டு. டேப் ரிக்கார்டர் பாடிக்கொண்டே இருக்கும். ஆரஞ்சுப் பொடி கரைத்த தண்ணீர் கண்ணாடித் தம்ளரில். எட்டு மணிக்கு முன்னால் எழுந்து நான் பார்த்ததில்லை. எனக்கும் அப்படி ஒரு நாள் கிடைத்தால் நானும் சிரித்த முகமாகத்தான் இருப்பேன்.

இவர் சொல்கிறார்: "கமலாக்ஷிக்கு ஒரு பயமும் கிடையாது பாத்தியா. தோள் மேலே தூக்கி வெச்சுக்கறா."

பார்த்தேன். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அக்டோபர் 21, புதன்

இன்று நானே போனேன். பயலை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு வெட்டுக்கிளியைச் சேலைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு. கூசியது. காலேஜில் தவளையை அறுத்த கைதான் இது. ஏழு வருஷத்தில் எப்படி மாறிப்போயிற்று. நீட்டினேன். குட்டன் இரண்டு கண்ணையும் என்னிடமிருந்து திருப்பிக்கொண்டு கிளைக்குப் பின்பக்கம் போய்விட்டான்.

"உன் கையாலே தின்னமாட்டான் அம்மா" என்றாள் மீனு. "கமலாக்ஷி அம்மா கையாலேதான் தின்னுவான்."

கமலாக்ஷி அம்மா! யார் சொல்லிக்கொடுத்தது?

"பேடிச்சிருக்கும் மாமி. பயம் போய்ப் பழகினா சரியாகும்" என்று அவள் சமாதானம் சொன்னாள். அவள் சமாதானம் எனக்கு எதற்கு?

அக்டோபர் 29, வியாழன்

தீபாவளி பட்சணத்தில் மிச்சமிருந்த முறுக்கை ஒரு டப்பாவில் போட்டுக் கமலாக்ஷிக்குக் கொடுத்தனுப்பினேன். டப்பா திரும்பி வந்தது, நிறைய முந்திரிப் பருப்போடு. அவளிடம் எதிலும் ஜெயிக்க முடியாது.

நவம்பர் 3, செவ்வாய்

டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து என் டிசெக்ஷன் பெட்டியை எடுத்தேன். கூறைப்புடவைக்குக் கீழே இருந்தது. கத்தி துருப்பிடித்துவிட்டது. இடுக்கி நன்றாக இருக்கிறது.

காலை ஆறேமுக்காலுக்குப் பயல் தூங்குகிறான், மீனு தூங்குகிறாள், இவர் ஜபத்தில் உட்கார்ந்திருக்கிறார், கமலாக்ஷி வீட்டுக் கதவு திறக்க இன்னும் ஒரு மணி நேரம். குளிப்பதற்கு முன்னாலேயே முடித்துவிட்டால் மடிக்கும் தோஷமில்லை. குளித்துவிட்டு வந்து விளக்கேற்றலாம்.

எழுதிப் பார்த்தால் திருட்டுக்குத் திட்டம் போடுகிற மாதிரிதான் இருக்கிறது. என்ன திருடப் போகிறேன்? வந்தது எங்கள் வீட்டுக்கு.

நவம்பர் 4, புதன்

தின்றான்!!

கிணற்றடிப் புல்லில் பனியில் நனைந்து பறக்க முடியாமல் கிடந்த வெட்டுக்கிளிகள் ஏழு. பால்பவுடர் டப்பாவில் போட்டுக்கொண்டேன். மதிலைத் தாண்டி வெயில் செடி மேல் விழுகிற வரைக்கும் காத்திருந்தேன். உடம்பு சூடேறாமல் அது தின்னாது என்று ஞாபகம் இருந்தது. இடுக்கியால் நீட்டினேன். கை தெரியவில்லையே, அதனால் பயமில்லை போலும். நாக்கு வந்து ஒட்டி இழுத்தபோது இடுக்கி வழியாக என் விரல் வரைக்கும் ஒரு அதிர்வு. ஏழையும் தின்றான்.

குளிக்கும்போது பாடினேன். இவர் கதவைத் தட்டி, "என்ன விசேஷம்?" என்றார்.

நாலு மணிக்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பயலுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். கமலாக்ஷி நீட்டினாள். குட்டன் பார்க்கவேயில்லை. மறுபடி நீட்டினாள். "எந்தா குட்டா, வேண்டாமா?" பிள்ளைகள் கலைந்தன.

நவம்பர் 6, வெள்ளி

இன்றும் ஏழு. சாயங்காலம் அவளிடம் ஒன்றுகூடத் தின்னவில்லை.

நவம்பர் 10, செவ்வாய்

மீனு ஐந்து மணிக்கே வந்துவிட்டாள். "குட்டன் ஒண்ணுமே தின்னலை அம்மா, சும்மா இருக்கான்" என்றாள். சமையலறைப் படியில் உட்கார்ந்து நான் கீரை ஆய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளாகவே ஒரு கட்டை எடுத்து ஆய்ந்தாள். வேரையும் சேர்த்துக் கூடையில் போட்டாள். அவள் பார்க்காதபோது நான் கிள்ளிப்போட்டேன். ராத்திரி என் கையால் முழுச் சாதமும் சாப்பிட்டாள்.

எனக்கு ஜெயம்.

கமலாக்ஷி முகம் வாடித்தான் இருக்கிறது. ஒரு பச்சோந்தி தின்னாததற்கு இவ்வளவு வாட்டமா? தபால்காரனைத் தெருவிலேயே நிறுத்தி "உண்டோ? உண்டோ?" என்று கேட்பதில் மட்டும் குறைவில்லை. ஷார்ஜாக் கடிதம் வருகிறது என்று தெரு பூராவும் தெரிய வேண்டும்.

"மாமி, நீங்க படிச்சவங்கல்லோ. ஓந்து தின்னாம இருந்தா என்ன சுகக்கேடா இருக்கும்?" என்று கேட்டாள்.

"பருவம் மாறறது. சில சமயம் அப்படித்தான் இருக்கும்" என்றேன். என் குரல் ஆடவேயில்லை. அதுதான் இப்போது எழுதும்போது உறுத்துகிறது. ஆனால் கொஞ்சம்தான்.

நவம்பர் 16, திங்கள். விருச்சிகம் ஒன்று, நம் கார்த்திகை

இது எங்கே போய் முடியுமோ.

காலையில் அவசரம். பயல் முன்னாலேயே முழித்துக்கொண்டு சிணுங்க ஆரம்பித்துவிட்டான். நாலு பூச்சி கொடுத்தாயிற்று. ஐந்தாவது நழுவிச் செடிக்குள் விழுந்தது, நான் கிளையைப் பிடித்து இழுத்ததில் குட்டன் கீழே விழப் பார்த்தான். இடுப்பைப் பிடித்து மேலே விட்டேன். கோபம் வந்துவிட்டது அவனுக்கு. உடம்பை ஊதிப் பெருக்கி, வாயைப் பிளந்து, ஒரே நிமிஷத்தில் கரிக்கட்டை மாதிரி கறுத்துப்போனான். வாசலில் காலடிச் சத்தம். நான் உள்ளே ஓடிவிட்டேன்.

வந்தது தெருமுக்கில் சாயாக்கடை வைத்திருக்கும் நாணு. வருஷா வருஷம் தெருக்காரர்களை மலைக்கு அழைத்துப் போகும் குருசாமி. விடிகாலையில் மாலை போட்டு, கறுப்பு வேட்டி கட்டி, பூஜைக்குச் செம்பருத்தி பறிக்க வந்திருக்கிறார்.

"கமலாக்ஷியே! ஓடி வா! இங்கே ஒருத்தர் கறுப்பு உடுத்து நிக்கறாரு!"

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள்.

"தின்னமாட்டேங்குதுன்னு சொன்னியே, இதுதானா? எத்தனை நாளாச்சு?"

"பத்துப் பன்னிரண்டு நாளாச்சு நாணுவேட்டா."

"இன்னிக்கு மண்டலம் தொடங்கற நாள். தின்னாம இருந்து, கறுப்பும் உடுத்திருக்கு. இது விரதமாக்கும்! சரணம் விளிக்கு!"

கமலாக்ஷி அப்படியே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அழுதாள் என்று நினைக்கிறேன். ஜன்னலுக்கு உள்ளே நான், கையில் இடுக்கியோடு.

நவம்பர் 19, வியாழன்

நேற்று முப்பது பேர். இன்று எண்ணவில்லை. செடியைச் சுற்றிக் கயிறு கட்டி, துளசி மாலை தொங்கவிட்டு, வேரடியில் கற்பூரம். சாமியை யாரும் தொடக்கூடாது, பூச்சி காட்டி விரதத்தைக் கலைக்கக்கூடாது என்று நாணுவின் உத்தரவு. உச்சி வெயிலில் குட்டன் பச்சையாகி விடுகிறான். அதற்கும் நாணுவிடம் பதில் இருக்கிறது: "பகல்லெ வேலைக்குப் போற சாமிமாரும் சட்டை மாத்தறதில்லையா?"

எல்லாரும் கமலாக்ஷி வீட்டு வாசல் வழியாகத்தான் வருகிறார்கள். அவள் எல்லாருக்கும் சுக்குக் காப்பி கொடுக்கிறாள். அவளும் மீனை விட்டுவிட்டாள், ஒருவேளைச் சாப்பாடுதான். மீனுவுக்குக் கறுப்புப் பாவாடை தைத்துக் கொடுத்திருக்கிறாள்! நெற்றியில் சந்தனம் வைத்துக்கொண்டு கயிற்றுக்குள் நின்று என் பெண் கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிறாள். "தொடாதீங்கோ, சாமி நோம்பு."

நான் எதைக் கெடுக்கப் போனேனோ அதுவே அவளுக்குப் பெரிய வாழ்வாக வந்து முடிந்திருக்கிறது.

நவம்பர் 23, திங்கள்

இவ்வளவுக்குப் பிறகும் காலையில் போகிறேன். போகாமல் எப்படி? வேறு யாரும் கொடுக்கப் போவதில்லை. நான் நிறுத்தினால் அது நிஜமாகவே பட்டினி. சொல்லவும் முடியாது, நிறுத்தவும் முடியாது.

இன்று ஒரு கிழவர் கும்பிட்டுவிட்டுச் சொன்னாராம்: "பதினெட்டு நாளா ஒண்ணும் தின்னாம இருந்தும் உடம்பிலே என்ன ஒரு தேஜஸ் பாருங்கோ! வயறு கூடத் தளரலை." இவர் வந்து சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். எட்டு வெட்டுக்கிளியும் ஒரு கரப்பான்பூச்சியும் தின்ற தேஜஸ்.

வயிறு நிஜமாகவே பெருத்துத்தான் இருக்கிறது.

நவம்பர் 27, வெள்ளி

இன்று என்னிடமும் தின்னவில்லை. நேற்று ஒன்றே ஒன்று. இன்று இடுக்கியைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டான்.

நவம்பர் 29, ஞாயிறு

மூன்றாம் நாள். தின்னவில்லை. செடியில் இருப்பும் கொள்ளவில்லை. தண்டு வழியாகத் தலைகீழாக இறங்குகிறான். வேரடியில் இருப்பது நாலு விரல் மண், அதையும் கற்பூரம் ஏற்றிக் கெட்டியாக்கிவிட்டார்கள். செடியைச் சுற்றி எல்லாம் சிமென்ட். அந்தச் சிமென்டை முன்னங்காலால் பிறாண்டுகிறான். காக்கை ஒன்று மதிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

மத்தியானம் கமலாக்ஷி அவனை எடுத்துக்கொண்டுபோய் முன்னறையில் கம்பிவலை போட்ட அலமாரிக்குள் வைத்துவிட்டாள். பூனைக்கும் காக்கைக்கும் பயந்து. உள்ளே பட்டுத் துணி விரித்து, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர். கிண்ணத்துத் தண்ணீரைப் பச்சோந்தி குடிக்காது, இலையில் சொட்டினால்தான் குடிக்கும். எனக்குத் தெரிந்ததை எல்லாம் நான் யாருக்கும் சொல்வதில்லை.

டிசம்பர் 1, செவ்வாய்

விளக்கேற்றுகிற சாக்கில் போய்ப் பார்த்தேன். கண் உள்ளே போய்விட்டது. நாள் முழுக்கக் கறுப்பாகவே இருக்கிறான். அலமாரியின் மூலையில் பட்டுத் துணியைப் பிறாண்டிப் பிறாண்டிக் கிழித்திருக்கிறான். விலாப்பக்கம் மொச்சைக் கொட்டை வரிசையாக அடுக்கிய மாதிரி மேடு மேடாக...

அங்கேயே உறைத்தது. குட்டன் இல்லை. பெண். வயிறு நிறைய முட்டை.

கார்த்திகை, மார்கழி முட்டையிடும் காலம். தின்பதை நிறுத்திவிட்டு, தரைக்கு இறங்கி, குழி பறித்து, முட்டை இட்டு மூடும். மண் கிடைக்காவிட்டால் முட்டையோடு செத்துப்போகும். ரெக்கார்டு நோட்டில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். படம் வரைந்து, பெயர் குறித்து, பத்துக்கு ஒன்பது வாங்கினேன். ஒரு மாசமாகத் தினம் காலையில் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு, வயிற்றைப் பார்த்துக்கொண்டு... பொறாமை கண்ணை மறைத்துவிட்டது என்று எழுதலாம். எழுதினால் ஆயிற்றா?

டிசம்பர் 2, புதன்

கமலாக்ஷி போட்டில் ஏறி எறணாகுளம் போய் மாட்டு டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தாள். கூடையை மடியில் வைத்துக்கொண்டு, மீனுவையும் கூட்டிக்கொண்டு. டாக்டர் நல்ல மனுஷர், இதுவரைக்கும் பச்சோந்தியைத் தொட்டதில்லை என்று ஒத்துக்கொண்டாராம். "எத்தனை நாளாய்த் தின்னவில்லை?" என்று கேட்டிருக்கிறார். "நாலு ஆழ்ச்சை" என்றிருக்கிறாள் இவள். நாலு வாரம்! அப்படியானால் பட்டினியில் ஒடுங்கியிருக்கிறது, நாளைக் காலைக்குள் தானாகத் தின்னாவிட்டால் வாயைப் பிளந்து முட்டை மஞ்சளும் பாலும் கலந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள் என்று சொல்லி அனுப்பினாராம். அவர் மேல் என்ன பிழை? பொய்க் கணக்குக்குச் சரியான வைத்தியம்.

கிணற்றடியில் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "அது முட்டை போடப்போறதாக்கும் சேச்சி. மண் வேணும் அதுக்கு."

"நாலு ஆழ்ச்சை ஒண்ணும் தின்னாதது எங்கேந்து மாமி முட்டை போடும்? அது பட்டினியிலெ வயறு வீங்கினது. என் மாமாவோட குட்டிக்கும் சின்னதிலெ அப்படி வீங்கித்தான்..." மேலே சொல்ல முடியாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் சொல்வதுதான் நியாயம். நான் சொல்வது நம்பும்படி ஆக வேண்டுமென்றால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மீனு எதிரில் சொல்ல வேண்டும். அவள் இப்போது அந்த வீட்டை விட்டு நகர்வதே இல்லை. இப்போதுதான் என் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். அதற்குள்ளே நான் இன்னார் என்று அவளுக்குத் தெரிய வேண்டுமா?

வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு ஜீவன் அங்கே மண்ணுக்குத் தவிக்கிறது, நான் இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். சீ.

டிசம்பர் 3, வியாழன்

சொல்லிவிட்டேன்.

காலை எட்டு மணி. பயலை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனேன். நாணு பச்சோந்தியைத் துணியில் சுற்றிப் பிடித்திருந்தார். விரத காலத்தில் முட்டையைத் தொடலாமா என்று கமலாக்ஷி கேட்டதற்கு, "ஜீவன் போற நேரத்திலெ என்ன விரதம், பகவான் ஒண்ணும் சொல்லமாட்டாரு" என்றிருக்கிறார். அவள் கையில் மஞ்சள் நிறைந்த இங்க் பில்லர். மீனு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொறுங்கோ. ஊத்தாதீங்கோ. அதுக்குப் பசியில்லை."

"நாலு ஆழ்ச்சையா..."

"நாலு வாரமில்லை. ஒரு வாரம். போன வியாழக்கிழமை வரைக்கும் தின்னது."

"மாமிக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் குடுத்தேன்."

"எந்து?"

"வெட்டுக்கிளி. தினம் காலம்பற. நீங்க எழுந்திருக்கறதுக்கு முன்னாடி. ஏழு, எட்டு. வயறு நிறையக் குடுத்துட்டுப் போவேன். அதனாலதான் சாயங்காலம் உங்க கையாலே..."

முடிக்கவில்லை. நாணு என்னைப் பார்த்தார், பச்சோந்தியைப் பார்த்தார், தன் கழுத்து மாலையை ஒருதரம் தொட்டுக்கொண்டார். பிறகு துணியை மெல்லப் பிரித்து வயிற்றைத் தடவிப் பார்த்தார். "முட்டைதான்" என்றார். அப்புறம் அந்த மனுஷருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என் பகவானே! நான் பதினெட்டு நாளா சாமி சாமின்னு கும்பிட்டது மாளிகப்புறத்தையா!" மலைக்குப் போகிற பெண்களை அப்படித்தான் அழைப்பார்கள். வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

கமலாக்ஷி சிரிக்கவில்லை.

"எந்தினு மாமி? எதுக்கு?" என்று கேட்டாள். சத்தமே இல்லாமல்.

மீனுவைப் பார்த்தேன். கமலாக்ஷி புரிந்துகொண்டாள்.

"ரெண்டு மாசமா ஷார்ஜாவிலேந்து ஒரு வரி இல்லை" என்றாள். "கடிதமும் இல்லை, பணமும் இல்லை. அந்த நேரத்திலேதான் இதுவும் என் கையாலெ தின்னாம ஆச்சு. என் கைக்கு என்னமோ தோஷம் பிடிச்சுதுன்னு நெனச்சேன். அதான் எல்லாம் என்னை விட்டுப் போகுதுன்னு. நாணுவேட்டன் விரதம்னு சொன்னப்போதான் எனக்கு மூச்சே வந்தது."

தபால்காரனை அவள் வழிமறித்தது ஞாபகம் வந்தது. நான் அதைப் பற்றி இந்த நோட்டில் எழுதியிருப்பதும்.

"கொண்டு போங்க. உங்க வீட்டுக்கு வந்த ஓந்துதானே." அலமாரிக் கதவை அவளே திறந்துவிட்டாள். மீனுவைப் பார்த்து, "மோளும் போ" என்றாள்.

டிசம்பர் 4, வெள்ளி

நேற்றே இவர் கிடங்கிலிருந்து ஒரு தேயிலைப் பெட்டி கொண்டுவந்தார், செல்லதுரை இரண்டு சாக்கு மணலும் செம்மண்ணும். ஈரமாக்கிப் பெட்டியில் ஒரு முழ ஆழத்துக்கு நிரப்பினோம். "எங்க ஊர்ல இது வரப்போரமாக் குழி பறிக்கும்க்கா. பட்டுத் துணியில எங்கிட்டுப் பறிக்கும், பாவம்" என்றான் செல்லதுரை.

இன்று பத்தரைக்குப் பறிக்க ஆரம்பித்தது. தலையும் முதுகும் மறைகிற வரை பறித்தது. பிறகு திரும்பி உட்கார்ந்துகொண்டது, வால் மட்டும் வெளியே. சாக்கைப் போட்டு மறைத்துவிட்டு நான் தள்ளி உட்கார்ந்தேன். நாலு மணிக்கு வெளியே வந்தது. பின்னங்காலால் மண்ணைத் தள்ளி, மிதித்து, மறுபடி தள்ளி, தடம் தெரியாமல் மூடியது. அவ்வளவு களைப்பிலும் அரைகுறையாக விடவில்லை. உடம்பு காலிப்பை மாதிரி தொங்குகிறது.

செம்பருத்தியில் விட்டு, இலை மேல் ஈரத்துணியைப் பிழிந்து சொட்டவிட்டேன். குடித்தது. வாயை மேலே தூக்கி, சொட்டுச் சொட்டாக, கால் மணி நேரம்.

கமலாக்ஷி வீட்டுக் கொல்லைக் கதவு சாத்தியிருந்தது. டேப் ரிக்கார்டரும் பாடவில்லை.

டிசம்பர் 8, செவ்வாய்

இரண்டு வெட்டுக்கிளி தின்றது. பிழைத்துவிடும்.

என் கையால்தான். நாலு மணிக்கு, மீனு எதிரில், இடுக்கி இல்லாமல் விரலாலேயே கொடுத்தேன். மீனு கைதட்டவில்லை. பள்ளிக்கூடம் விட்டு நேராக வீட்டுக்கு வருகிறாள். எங்கேயும் போவதில்லை. என் பக்கத்திலேயே இருக்கிறாள். வேண்டும் வேண்டும் என்று நான் கேட்டது முழுசாகக் கிடைத்திருக்கிறது.

"கமலாக்ஷி அம்மாவைக் கூப்பிடட்டுமா?" என்றாள்.

"அவா கோவமா இருக்கா."

"உன் மேலேதானே கோவம்? என் மேலே இல்லையே?"

ராத்திரிச் சாதத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். துப்பச் சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 11, வெள்ளி

மன்னிப்புக் கேட்கப் போனேன். கதவு திறக்கவில்லை. உள்ளே வளையல் சத்தம் கேட்டது.

டிசம்பர் 15, செவ்வாய்

ஷார்ஜாவிலிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை என்று நாணு இவரிடம் சொன்னாராம். அவள் கடைக்குக்கூடப் போவதில்லையாம். நாணு வீட்டிலிருந்து கஞ்சி போகிறதாம். அதையும் பாதி திருப்பி அனுப்பிவிடுகிறாளாம்.

இன்று காலையில் நான் பச்சோந்திக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. நேற்றும் கொடுக்கவில்லை.

நாலு மணிக்கு ஒரு குச்சியில் அதை ஏற்றி, மீனுவை மற்றக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் கொல்லைப் படியில் போய் நின்றேன். "அம்மா, நீ தட்டாதே. நான் தட்டறேன்" என்றாள் மீனு. தட்டினாள்.

கதவு பாதி திறந்தது. அவள் தலை வாரியிருக்கவில்லை. மீனுவைப் பார்த்தாள், பிறகு குச்சியை.

"காலையிலெ வல்லதும் தின்னக் கொடுத்தீங்களா?"

"இல்லை. ரெண்டு நாளாக் கொடுக்கலை."

"சத்தியமா?"

"சத்தியமா."

"பாவம், பசிக்குமே" என்றாள். கையை நீட்டிக் குச்சியை வாங்கிக்கொண்டாள். அவள் கைக்கு அடியில் புகுந்து மீனு உள்ளே போய்விட்டாள், திரும்பிப் பார்க்கவில்லை. கமலாக்ஷி என்னை வா என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை.

நான் வீட்டுக்கு வந்தேன். பயலைத் தொட்டிலில் போட்டுவிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தேன். கைதட்டல் கேட்டது. முதலில் சின்னக் கை, பிறகு வளையலோடு இன்னொரு கை. நெஞ்சில் எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தியது. போகவில்லை அந்தப் பொறாமை. போயிருக்கும் என்று நினைத்தேன்.

ஏழு மணிக்கு மீனு வந்தாள். வயிறு நிறைந்திருக்கிறது, புட்டும் பழமும் தின்றோம் என்றாள். "தின்றோமா? அவாளுமா?" என்று கேட்டேன். "ஆமா, ரெண்டு பேரும். அவாளுக்கு நான் பிசைஞ்சு கொடுத்தேன்."

மீனுவுக்காகக் கிண்ணத்தில் பிசைந்து வைத்திருந்த சாதத்தை நானே எடுத்து உட்கார்ந்து சாப்பிட்டேன். போதவில்லை. இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டேன்.